நம்பிக்கை பறந்த வானம்



ஓவியம் என்றால் ஒருமுறை வரைந்து முடித்துவிடுவது என்றே நாம் எண்ணுகிறோம். செப்புத்தகட்டு ஓவியம் அத்தகையதன்று. மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் இட்டால், கீறிய கோடுகள் மட்டும் அரிக்கப்படும். அக்கோடுகளில் மை நிரப்பிப் படிகள் எடுக்கலாம். பின்னர் ஒரு பகுதியைத் தேய்த்து அழித்து, வேறொன்றைக் கீறி மீண்டும் அச்சிடலாம். இதனால் கலைஞனின் மனமாற்றமும் தாளிலே பதிந்துவிடுகிறது.

பாரிஸ் நகரின் ஷார்ல் மெரியோன் (1821 - 1868) முன்னாள் கடற்படை அதிகாரி. நிறங்களைப் பிரித்தறிய இயலாத குறைபாட்டினால் வண்ண ஓவியத்தைக் கைவிட்டு இக்கலைக்கு வந்தவர். 1854ஆம் ஆண்டில் அவர் செயின் நதியின் பழைய பாலமொன்றைத் தகட்டிலே தீட்டினார். ஒரு காலத்தில் நாணயமாற்றுக்காரர் கடை விரித்திருந்தமையால் 'மாற்றுப் பாலம்' எனப் பெயர் பெற்றது அது. பாலத்தின் மேலே சனங்கள். கீழே, நீரில் மூழ்கும் ஒரு மனிதன். வானத்திலே ஒரு பலூன். அந்தப் பலூனில் எழுதப்பட்டிருக்கும் இத்தாலியச் சொல்லின் பொருள் 'நம்பிக்கை'.

1858இல் மெரியோன் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டு வெளியே வந்தார். அதன்பின் எடுத்த படிகளில் பலூனைக் காணோம். அதன் இடத்திலே பெரும் பறவைக் கூட்டம். பாரிஸ் வானில் இத்தனை கழுகுகளா என்று கவிஞர் பொதலேயர் வினவினார். சகுனம் பார்ப்பதற்காக அரசாங்கத்தார் கழுகுகளைப் பறக்கவிட்டதுண்டு என்று விடையளித்தாராம் மெரியோன். 1860ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் பொதலேயரே இதனைக் குறிப்பிடுகிறார்.

இதைப் பித்தின் பேச்சு என்று தள்ளிவிடலாமா? கழுகு மூன்றாம் நெப்போலியனின் பேரரசுச் சின்னம். அவ்வாட்சியிலேதான் பழைய பாரிஸ் இடிக்கப்பட்டது. 1858 முதல் 1860 வரையான காலத்தில் அந்தப் பாலமும் அகற்றப்பட்டுப் புதியது எழுந்தது. பேரரசனின் பெயரின் முதலெழுத்தைப் புதிய பாலத்தில் இன்றும் காணலாம். நோயுற்ற மனம் கண்ட கழுகுகளுக்குக் காரணம் வெளியுலகிலும் இருந்தது.

பின்னைய படிகளில் பலூன்கள் திரும்பவும் வருகின்றன, ஒன்றல்ல, பல. பழைய பாலத்தின் தோற்றத்தை அறியவே பலர் இப்படத்தை நாடுவர். அவர்கள் வானத்தையும் சற்றே அண்ணாந்து பார்க்கவேண்டும். கல்லாலான பாலம் ஒருமுறை இடிந்ததோடு முடிந்துபோயிற்று. தன் நம்பிக்கையைத் தானே அழித்த ஒரு மனிதனோ, அதே தகட்டில் அதனை மீண்டும் கீறியிருக்கிறான்.