பாட்டுக்கு நடுவே ஒரு விண்கலம்

(செங்கல்பட்டில் நடந்த அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)

மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். கண் சொக்கினால் தப்பில்லை. கணக்கு வரும்போது மட்டும் விழித்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்துக்கு விண்வெளி தூரமில்லை. காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய எஸ்ஆர்எம்சாட், 2011 அக்டோபர் 12 அன்று பிஎஸ்எல்வி-சி18 ராக்கெட்டில் போனது. 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தை அடுத்த பட்டிப்புலத்தில், பள்ளி மாணவர்கள் செய்த 150 சிறு பிக்கோ செயற்கைக்கோள்களோடு ஒரு ராக்கெட் கிளம்பியது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் எங்கள் பிள்ளைகள், "நாமளும் ஏதாவது செய்யலாம் டீச்சர்" என்று ஆரம்பித்தார்கள். ராக்கெட்டுக்கு என்னிடம் வழியில்லை. வானத்திலிருந்து வருவதைக் கேட்கலாம் என்றேன்.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அதிலுள்ள அமெச்சூர் வானொலி 145.8 மெகாஹெர்ட்ஸில் பேசும். சில நாட்களில் படங்களையும் ஒலியாக மாற்றி அனுப்பும். ஒரு படம் வர ஏறத்தாழ 2 நிமிடம். நம் தலைக்கு மேல் நிலையம் இருப்பதே அதிகபட்சம் 10 நிமிடம்தான். ஒலிபரப்புவதற்குத்தான் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும். நாங்கள் கேட்க மட்டுமே செய்தோம்.

அரை மீட்டர் நீள அலுமினியக் கம்பி இரண்டை 'வி' வடிவில் பொருத்தி ஆன்டெனா. கணினியில் செருகும் சிறிய யுஎஸ்பி ரிசீவர் ஒன்று. மொட்டைமாடியிலிருந்து ஆய்வகத்துக்கு 20 மீட்டர் கேபிள். சிக்னல் மெலிதாக இருந்ததால் நான் ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். அன்று மாலை ஸ்பீக்கரில் விண்வெளி நிலையத்துக்குப் பதில் சினிமாப் பாட்டு கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆன்டெனா இணைப்பைச் செய்த ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம், எல்லோர் முன்னாலும், "உன் சால்டரிங் சரியில்லை, வீட்டுக்கு எடுத்துப் போய் மறுபடி வை" என்று சொல்லிவிட்டேன்.

அவள் மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்திலிருந்து வருபவள். ஆன்டெனாவும் ரிசீவரும் அவளோடு போயின. ஆம்ப்ளிஃபையர் கரண்ட் அடாப்டரில் ஓடுவது என்பதால் பள்ளியிலேயே இருந்தது. சால்டரிங்கை அவள் தொடவே இல்லை. அண்ணனுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில் ரிசீவரைச் செருகி, கடற்கரையில் ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மறுநாள் கோடு கோடாக, பாதிப் படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். "சால்டரிங் அப்படியேதான் இருக்கு டீச்சர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிப் பார்த்தோம். பாட்டு போய்விட்டது, நீளக் கேபிளால் விண்வெளி நிலையமும் தேய்ந்து போனது. அப்போதுதான் புரிந்தது. ஆம்ப்ளிஃபையருக்கு நமக்கு வேண்டியது எது என்று தெரியாது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள எஃப்.எம். நிலையங்களையும் சேர்த்துப் பெருக்கி ரிசீவருக்குள் கொட்டுகிறது. இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வரும் பேருந்து ஹைபீம் போட்டால், ஓரமாக நடப்பவர் நம் கண்ணுக்குத் தெரிவாரா? ரிசீவருக்கும் அப்படித்தான். அந்த விளக்கை மறைக்கும் கைதான் வடிகட்டி. ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால், முதலில் திணறுவது ஆம்ப்ளிஃபையர்தான்.

இனி கணக்கு. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், கால் பங்கு 75 செ.மீ. சாதாரண ஆர்ஜி-58 கேபிளுக்குள் அலையின் வேகம் ஒளியின் வேகத்தில் 0.66 பங்கு என்பதால் 49.5 செ.மீ. அந்த நீளக் கேபிள் துண்டை 'டி' இணைப்பியில் பக்கவாட்டில் மாட்டி, மறுமுனையை எதிலும் இணைக்காமல் விட்டுவிடுங்கள். உள்ளே போன அலை முனையில் மோதித் திரும்பும்போது மொத்தம் அரை அலைநீளம் நடந்திருக்கும். முகடு வரும் இடத்தில் அகடாக வந்து சேர்ந்து, அந்த அதிர்வெண்ணை அடித்துவிடும். வி = எஃப் லேம்டாவை இதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை.

பிள்ளைகள் 52 செ.மீ.யில் தொடங்கி, ரிசீவரை ஒரு எஃப்.எம். நிலையத்தில் வைத்து, அரை அரை செ.மீ.யாக நறுக்கினார்கள். திரையில் அந்த நிலையத்தின் கோபுரம் சரியச் சரிய ஒரே கூச்சல். கூடுதலாக நறுக்கினால் மறுபடி எழுந்துவிடும். அப்படி இரண்டு துண்டுகள் வீண். இந்தத் துண்டு ஒரு நிலையத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும்தான் நன்றாக அடக்கும். 145.8இலும் கொஞ்சம் இழப்பு உண்டு. 88–108 முழுவதையும் தடுக்கச் சுருளும் மின்தேக்கியும் கொண்ட வடிகட்டி கடையில் கிடைக்கிறது. எங்களுக்கு இதுவே போதுமாயிற்று. துண்டோடு ஆம்ப்ளிஃபையரையும் மொட்டைமாடிக்கே, ஆன்டெனா பக்கத்தில் ஏற்றினோம். முழுப் படம் வந்தது.

ஒரு எச்சரிக்கை. எல்இடி விளக்கும் மலிவான சார்ஜரும் 145.8இலேயே இரைச்சல் போட்டால் எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. எழுந்துபோய் சுவிட்சை அணைப்பதுதான் வழி.

உரிமம் வாங்கி ஒலிபரப்பவும் நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2005 மே 5 அன்று இஸ்ரோ ஏவிய ஹாம்சாட் 2014இல் ஓயும் வரை, அதற்கு 435இல் அனுப்பி, 145இல் கேட்டார்கள். விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் தலைகீழ்: 145.99இல் அனுப்பி, 437.8இல் கேட்க வேண்டும். 145.99ஐ மூன்றால் பெருக்குங்கள். 437.97! நம் ஒலிபரப்பியின் மூன்றாம் சுரம் நம் காதருகிலேயே விழுகிறது. ஒலிபரப்பியின் வாயில் தாழ் அதிர்வெண்ணை மட்டும் விடும் வடிகட்டி, ரிசீவரின் வாயில் உயர் அதிர்வெண்ணை மட்டும் விடும் வடிகட்டி, இரண்டும் வேண்டும்.

அந்த மாணவியிடம் மறுவாரம், எல்லோர் முன்னாலும்தான், தப்பு என்னுடையது என்று சொன்னேன். "பரவாயில்ல டீச்சர், அடுத்த பாஸ் 6.40க்கு" என்றாள்.

கேபிள் துண்டைக் கொண்டுவந்திருக்கிறேன், மேசையில் இருக்கிறது. நுனியில் சிவப்பு நூல் அவள் கட்டியது. யாரும் இனி நறுக்கிவிடக் கூடாதாம். தேநீர் இடைவேளையில் பாருங்கள்.