கருவியும் வினைமுதலும்



எந்திரத்துக்கும் இயற்கைக்குமான மோதலைப் பாடும் கவிதைமொழி பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். இன்றைய கவிதைகளில் இம்மோதலுக்கென ஒரு வாய்பாடே உருவாகிவிட்டது. எந்திரம் அரக்கனாகிறது, நிலம் கதறும் தாயாகிறது. இவ்வாய்பாடு எதைச் சொல்கிறது என்பதினும் எதை மறைக்கிறது என்பதே ஆராயத்தக்கது.

நம் பழம்புலவர் எந்திரத்தை அறியாதவர் அல்லர். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார், கரும்பாலையின் ஒலியை யானைக்கு எதிர்ப்பிளிறலாகக் கேட்கிறார். அப்பாட்டில் வரும் தேனூரின் பெயரில் மதுரைக்கு அருகே இன்றும் ஓர் ஊருண்டு. புறநானூற்றின் 322ஆம் பாட்டில் ஆலையின் இரைச்சலால் அயலிலுள்ள நீரில் வாளைமீன் துள்ளுகிறது. புலவர் ஆலையைச் சபிக்கவில்லை, மீனுக்காக அழவுமில்லை. ஒலிக்கும் துள்ளலுக்குமுள்ள காரணத் தொடர்பைக் காட்டி ஒதுங்கிக்கொள்கிறார். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை, நம் மதுரை மதிலின் போர்ப்பொறிகளைக் குரங்கு, பன்றி, மீன்கொத்தி என்னும் உயிர்களின் பெயரால் அடுக்குகிறது. யாருடைய மதில், யாரைத் தடுக்க என்பதில் அங்கு ஐயமில்லை.

இங்கே இலக்கணம் நமக்குத் துணைவரும். மூன்றாம் வேற்றுமையின் பொருளாகத் தொல்காப்பியர் வினைமுதலையும் கருவியையும் தனித்தனியே சுட்டினார். வினைமுதலை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா எனப் பின்வந்தோர் பகுத்தனர். கோயிலை அரசன் கட்டினான் என்றால் அவன் ஏவியவன், தச்சன் கட்டினான் என்றால் அவன் இயற்றியவன், உளியோ கருவி.

'பொக்லைன் கண்மாயை விழுங்கியது' என்று எழுதுகிறோம். 'வாள் வெட்டியது' என்பதுபோல் இதற்கும் மரபில் இடமுண்டு. ஆனால் அதுவே பழக்கமாகும்போது ஏவியவர் கவிதையிலிருந்து தப்பிவிடுகிறார். சாபம் எந்திரத்தின்மீதும், மிஞ்சினால் அதன் இருக்கையில் அமர்ந்த கூலி ஓட்டுநர்மீதும் விழுகிறது. அவர் அதே கண்மாய்ப் பாசனத்தில் உழுதவரின் மகனாகவும் இருக்கலாம். ஆணையில் கையொப்பமிட்டவருக்கும் மனையை விற்றவருக்கும் நம் அடிகளில் இடமே இல்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. தை முதல் நாளில் அவனியாபுரம் காளையைக் கொண்டாடுகிறது. கமலை இழுத்த மாட்டின் கழுத்துச் சுமையை இறக்கியது நீரிறைக்கும் மோட்டார். ஆழ்துளைக் கிணற்றில் இறங்கி நிலத்தடி நீரை வற்றச் செய்ததும் அதே மோட்டார்தான். 1895இல் நிறைவுற்ற பெரியாறு அணை, மேற்கே ஓடிய ஆற்றைச் சுரங்கம் வழியே வைகைக்குத் திருப்பியது. அது மலையைக் குடைந்த வன்செயலா, வறண்ட சமவெளிக்கு வந்த உயிர்நீரா? இரண்டும்தான். அரக்கன் என்னும் ஒற்றைச் சொல்லில் இவ்விரண்டும் அடங்கா.

எனவே கவிஞர்களிடம் நான் வேண்டுவது இதுதான். எந்திரத்தைப் பாடும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். கருவி எது? இயற்றியவர் யார்? ஏவியவர் யார்? மூன்றாவது வினாவுக்கு விடையளிக்கத் துணியும் கவிதையில் நிலம் கதறவேண்டியதில்லை. வாளைமீன் துள்ளினாலே போதும். படிப்பவர் ஆலையின் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.