கடைசிப் பந்து யாருடைய கைக்கு?

(நூற்றாண்டு விழாவின் விளையாட்டு நாளன்று கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது கல்லூரியின் வரலாற்றைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "அதைப் பேச ஆறு பேர் இருக்கினம் ரீச்சர். நீங்கள் பாஸ்கற்போல் பற்றிப் பேசுங்கோ" என்றார். ஆகவே இருபத்தெட்டு வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் என்ற உரிமையோடு ஒரேயொரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆட்டம் முடியப் பத்து வினாடி இருக்கிறது. நாங்கள் ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம். ரைம் அவுட் கேட்டாயிற்று. அதற்கு ஒரு நிமிடம்தான். ஐந்து பிள்ளைகள் வியர்வையோடு என்னைச் சுற்றி நிற்கிறார்கள். கடைசிப் பந்தை எறிவது யார்?

நெற்போல் விளையாடிய சகோதரிகள் "இது ஒரு கேள்வியா?" என்று சிரிப்பீர்கள். உங்கள் விளையாட்டில் அதை நெஞ்சிலே எழுதி ஒட்டிவிடுகிறார்கள். கோல் ஷூட்டர், கோல் அற்றாக் இருவரையும் தவிர வேறு எவரும் எறிய முடியாது. எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் வளையத்துக்குக் கீழே நின்றால், பந்து யாரிடம் போக வேண்டும் என்று எவரும் யோசிக்கத் தேவையில்லை. அவரது கைக்குப் பந்தைச் சேர்ப்பதே மற்றவர்களின் வேலை. 2018 இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசிய வெற்றிக் கிண்ணத்தை எடுத்ததும் அப்படித்தான்.

கூடைப்பந்தாட்டத்திலும் பெண்களுக்கு ஒரு காலத்தில் இப்படிப் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். 1891 இல் நைஸ்மித் இந்த விளையாட்டை உருவாக்கினார். அடுத்த வருடமே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதை அமெரிக்காவின் சிமித் கல்லூரிப் பெண்களுக்குக் கொண்டுவந்தார். பெண்கள் களைத்துப்போவார்கள், முரட்டுத்தனமாகிவிடுவார்கள் என்ற பயம் அப்போது இருந்தது. அதனால் மைதானத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குப் போகக்கூடாது என்று வைத்தார். பிறகு அது அணிக்கு ஆறு பேர் ஆடும் ஆட்டமாக மாறியது. மூன்று பேர் ஒரு பாதியில் நின்று எறிவார்கள். மற்ற மூவரும் மறு பாதியில் நின்று தடுக்க மட்டுமே செய்வார்கள். அயோவா மாநிலப் பாடசாலைகளில் இது 1993 வரை இருந்தது. தடுக்கும் பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை, போட்டியில் ஒரு தடவைகூட வளையத்தை நோக்கிப் பந்தை எறியாமலே பாடசாலையை முடித்துக்கொண்டு போகலாம். யோசித்துப் பாருங்கள்.

இன்று ஐந்து பேருமே எறியலாம். சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் எங்கள் பாடசாலை அணிகளைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பட்டி இன்னமும் இருக்கிறது. தலைவி எறிவாள், உயரமானவள் எறிவாள், பத்திரிகையில் படம் வந்தவள் எறிவாள். மற்றவர்கள் பந்து வந்ததும் சூடான சட்டியைத் தொட்டதுபோல அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கடைசி எறிகை என்று ஒன்றாகச் சொன்னாலும் அது ஒரே எறிகை இல்லை. இரு அணியும் சமமாக நின்றால் தவறவிட்டாலும் தோல்வி இல்லை. மேலதிகமாக ஐந்து நிமிடம் கிடைக்கும். எதிரணிக்குத் திருப்பி எறிய நேரம் விடாமல், முடிந்தவரை பிந்தி எறிய வேண்டும். ஒரு புள்ளி பின்னால் நின்றால் கதை வேறு. ஐந்தாறு வினாடி மிச்சம் இருக்கும்போதே எறிந்துவிட வேண்டும். தவறினால் துள்ளி வரும் பந்தைப் பிடித்து இன்னொருத்தி போடலாம், அல்லது அவளைத் தடுக்கப்போய் எதிரணி பிழை விடலாம். அப்படியானால் "யார் எறிவது" என்ற கேள்வியோடு "யார் வளையத்துக்குக் கீழே நிற்பது", "யாருக்கு இலவச எறிகை கை நடுங்காமல் வரும்" என்ற கேள்விகளும் சேர்ந்து வருகின்றன. இரண்டு புள்ளி பின்னால் என்றால், ஆறே முக்கால் மீற்றருக்கு வெளியிலிருந்து மூன்று புள்ளிக்கு எறியக்கூடியவள் ஒருத்தி கட்டாயம் களத்தில் நிற்க வேண்டும். அவள் எறியாவிட்டாலும் பரவாயில்லை. அவளைக் காவல் செய்ய எதிரணியில் ஒருத்தி வெளியே வந்தாக வேண்டும்.

"இண்டைக்கு அவளுக்கு நல்லாய் விழுது, அவளிட்டைக் குடுங்கோ மிஸ்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். கை சூடாக இருக்கிறது என்ற அந்த நம்பிக்கையை 1985 இல் மூன்று உளவியல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, அது வெறும் தோற்றம் என்றார்கள். முப்பது வருடம் கழித்து வேறு இருவர் வந்து, அந்தக் கணக்குப் போட்ட முறையிலேயே ஒரு சாய்வு இருக்கிறது என்று காட்டினார்கள். படித்தவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எனது எண்ணத்தைக் கேட்டால், பிள்ளைகள் சொல்வதைக் கேட்பேன், ஆனால் அதை மட்டும் கேட்கமாட்டேன். ஏனென்றால் அவளுக்கு நன்றாக விழுகிறது என்று எதிரணிக்கும் தெரியும்.

இந்த இடத்தில் சிக்காகோ புல்ஸ் அணியின் இரண்டு ஆட்டங்களைச் சொல்ல வேண்டும். 1994 மே மாதம், நியூயோர்க் அணிக்கு எதிரான ஆட்டம். 102 க்கு 102 என்று சமநிலை. 1.8 வினாடி மிச்சம். மைக்கல் ஜோர்டன் அப்போது விலகியிருந்தார். அந்தப் பருவம் முழுவதும் அணியைத் தோளில் சுமந்தவர் ஸ்கொற்றி பிப்பன். பயிற்றுநர் பில் ஜக்சனோ பந்தைப் புதிதாக வந்த ரோனி குகோச் எறிய வேண்டும் என்றார். பிப்பனுக்குக் கிடைத்தது வெளிக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே கொடுக்கும் வேலை. பிப்பன் களத்துக்குள் இறங்க மறுத்துவிட்டார். வேறொருவர் பந்தைக் கொடுக்க, குகோச் எறிந்தார். விழுந்தது. வென்றார்கள். ஆனால் உடைமாற்றும் அறையில் மூத்த வீரர் பில் கார்ட்ரைட் பிப்பனைப் பார்த்து அழுதுகொண்டே பேசினாராம்.

பிப்பனைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். ஒரு வருடமாக வீட்டுச் சுமையைத் தூக்கிய மூத்த மகளிடம், கலியாண நாளன்று "நீ பந்தியிலை தண்ணி ஊத்து" என்று சொன்னதுபோலத்தான் அவருக்கு இருந்திருக்கும். ஆனாலும் ஜக்சன் தெரிவு செய்த ஆள் சரி. குகோச் அந்தப் பருவத்தில் முன்னரும் கடைசி நேரத்தில் எறிந்து வெல்ல வைத்தவர். அணி பிப்பனைத் தள்ளிவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே பயிற்றுநரோடும் அதே குகோச்சோடும் அவர் பின்னர் மூன்று முறை வெற்றிக் கிண்ணம் எடுத்தார்.

அந்த மூன்றில் ஒன்று 1997 இல். யூரா அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டம், 86 க்கு 86. இப்போது ஜோர்டன் திரும்பி வந்துவிட்டார். பந்து அவருக்குத்தான் என்று உலகத்துக்கே தெரியும். ரைம் அவுட்டில் அமர்ந்திருக்கும்போது ஜோர்டன் ஸ்ரீவ் கேரிடம், ஸ்ரொக்ரன் உன்னை விட்டுவிட்டு என்னைத் தடுக்க வருவார், தயாராக இரு என்றார். தயாராக இருப்பேன் என்றார் கேர். அப்படியே நடந்தது. இரண்டு பேர் ஜோர்டன்மேல் விழுந்தார்கள். அவர் பந்தைக் கேரிடம் தள்ளினார். கேர் எறிந்தார். விழுந்தது. உலகத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர் கடைசிப் பந்தைத் தானே இன்னொருவருக்குக் கொடுத்தார். பயிற்றுநர் தெரிவு செய்ய வேண்டியது எறிபவளை மட்டுமில்லை, முதலில் பந்தை வாங்கப்போகிறவளையும்தான் என்று நான் கற்றுக்கொண்டது இந்த ஆட்டத்தில்தான். அவளுக்கு எறியவும் தெரிய வேண்டும், தனக்கு முன்னால் இருவர் நிற்பது கண்ணில் படவும் வேண்டும்.

"ஆம்பிளையளின்ரை கதையே சொல்லிறியள்" என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. வருகிறேன். 2018 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் போட்டி. நொற்றர்டாம் அணியில் அந்தப் பருவத்தில் நான்கு பேர் முழங்கால் நார் கிழிந்து வெளியே. அரையிறுதியில் ஆரிகே ஒகுன்போவாலே மேலதிக நேரத்தின் கடைசி வினாடியில் எறிந்து கொனெற்றிகற் அணியை வென்றார். இரண்டு நாள் கழித்து இறுதியாட்டம். பதினைந்து புள்ளி பின்னால் கிடந்து மேலே வந்து, 58 க்கு 58, மூன்று வினாடி. இந்த முறையும் ஒகுன்போவாலேக்குத்தான் திட்டம் போட்டார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. உள்ளே நின்ற ஜெசிக்கா ஷெப்பர்டுக்குத்தான் பந்து போக வேண்டியிருந்தது. அவரை அடைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து பந்து கொடுத்த ஜக்கி யங் அதைக் கண்டு ஒகுன்போவாலேயிடம் கொடுத்தார். வலப்பக்க மூலைக்குப் போகும் வழியில் ஒற்றைக் காலில் சாய்ந்து எறிந்த பந்து விழுந்தபோது மணிக்கூட்டில் 0.1 வினாடி. எல்லோரும் எறிந்தவரைத் தூக்கிக் கொண்டாடினார்கள். நான் அந்தப் படத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தது ஜக்கி யங்கின் கண்களுக்காக.

இனி எங்கள் சீமெந்துத் தளத்துக்கு வருவோம். பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடம் நான் உரத்து எண்ணுவேன்: "ஏழு, ஆறு, அஞ்சு..." ஒவ்வொரு நாளும் வேறொருத்தி எறிய வேண்டும். தடுக்க மட்டுமே பிறந்தவள்போல விளையாடுகிறவளும் எறிய வேண்டும். தவறினால் தண்டனை ஓட்டம் கிடையாது. வருடத் தொடக்கத்திலேயே தலைவியைத் தனியாகக் கூப்பிட்டு, கடைசிப் பந்து உனக்கு வராமலும் போகலாம் என்று சொல்லிவிடுவேன். பிப்பனுக்காகத்தான்.

ஒருமுறை மாகாண மட்டப் போட்டி. ஒரு புள்ளி பின்னால், எட்டு வினாடி. தலைவிதான் அன்று அதிகம் போட்டவள். இருவர் அவளை விட்டு விலகவேயில்லை. நான் இடப்பக்கத்துச் சரிவில் நிற்கும் ஒரு தடுப்பாட்டக்காரியைச் சொன்னேன். பயிற்சியில் அந்த இடத்திலிருந்து பலகையில் பட்டு விழும்படி எறிவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தலைவி பந்தை வாங்கினாள். இருவரும் அவள்மேல் போனார்கள். அவள் கொடுத்தாள். மற்றவள் தனியாக நின்று எறிந்தாள். பந்து பலகையில் பட்டு, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. தோற்றோம்.

பஸ்ஸில் ஒருவரும் கதைக்கவில்லை. மறுநாள் படலையடியில் தலைவியின் தாய் நின்றார்.

"மிஸ், என்ரை பிள்ளை நிக்க ஏன் அவளிட்டைக் குடுக்கச் சொன்னனீங்கள்?"

"அம்மா, உங்கட பிள்ளைக்கு முன்னாலை ரெண்டு பேர் நிண்டவை. அவளுக்கு முன்னாலை ஒருத்தரும் இல்லை."

அம்மா திருப்திப்படவில்லை. இன்றைக்கு அதே எட்டு வினாடியைத் தந்தாலும் அவளைத்தான் சொல்வேன். நல்ல முடிவெடுத்தும் பந்து வெளியே போகலாம், கெட்ட முடிவெடுத்தும் உள்ளே விழலாம். விழுந்ததை மட்டும் பார்த்து முடிவை எடைபோட்டால் அடுத்த வருடம் எறிய ஒரு பிள்ளையும் முன்வரமாட்டாள்.

அவள் இரண்டு நாள் பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் தலைவியைத்தான் அவளது வீட்டுக்கு அனுப்பினேன். இருவரும் ஒரே சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அன்று கடைசி எறிகைக்கு எண்ணும்போது அவளுடைய முறை இல்லை. ஆனாலும் அவள் போய் இடப்பக்கத்தில் நின்றாள், நான் எண்ணினேன். அடுத்த வருடம் அதே போட்டியில் பழியைத் தீர்த்தாளா என்று கேட்பீர்கள். அடுத்த வருடம் பதினைந்து புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். கடைசி எறிகைக்கு வேலையே இருக்கவில்லை.

அந்த இருவரும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஒருத்தி ரொறொன்ரோவிலிருந்து, மற்றவள் பக்கத்து ஊரிலிருந்து. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டதால் சொல்லவில்லை. இந்தக் கதையைச் சொல்லட்டுமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். "சொல்லுங்கோ ரீச்சர், ஆனால் பந்து வெளியிலை போனதையும் சொல்லுங்கோ" என்றாள். சொல்லிவிட்டேன்.

நாலு மணிக்குப் பழைய மாணவிகளும் இன்றைய அணியும் விளையாடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் தேவை. சப்பாத்து இல்லை என்ற சாட்டு வேண்டாம், விளையாட்டு அறையில் எல்லா அளவிலும் இருக்கிறது. சுற்றி நின்று பார்ப்பவர்கள் தயவுசெய்து "எறி, எறி" என்று கத்தாதீர்கள். பந்து வைத்திருப்பவளுக்கு மற்றவர்களின் குரல் கேட்க வேண்டும்.