வேர் என்ற பெயரில் உடும்பு

திருநள்ளாறு சனி பகவானைக் கும்பிட்டுவிட்டு வரும்போதே கைபேசியில் ஒரு விளம்பரம் வந்து நிற்கும்: 'அத்தா ஜோடி, அபூர்வ மூலிகை வேர், வீட்டில் வைத்தால் பணம் கொட்டும்'. படத்தில், இரண்டு சின்னக் கைகள் கும்பிட்டபடி இருப்பதுபோல, காய்ந்து கறுத்த ஒரு பொருள்.

அது வேரே இல்லை. ஆண் உடும்பின் பிறப்புறுப்பு. 2017-இல் உலக விலங்குப் பாதுகாப்பு அமைப்பும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களும் இதை அம்பலப்படுத்தினார்கள். அமேசான், ஈபே போன்ற தளங்களிலேயே இது விற்பனைக்குக் கிடந்தது. வேடிக்கை என்னவென்றால், சோதித்த சரக்கில் பிளாஸ்டிக் வார்ப்புகளும் இருந்தனவாம்! கள்ளச் சரக்கிலும் கலப்படம்.

அதேபோல 'இந்திரஜால்' என்று சட்டகத்தில் மாட்டி விற்கிறார்களே, அதுவும் செடியில்லை. கடல் விசிறி என்னும் பவள இனம். நம் காரைக்கால் மீனவர்கள் தேடிப் போகும் கடலுக்குச் சொந்தமான உயிர்.

உடும்பு, கடல் விசிறி இரண்டுமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. விற்றால் குறைந்தது மூன்றாண்டு சிறை, ஏழாண்டு வரை போகலாம். விற்றவருக்குத்தானே என்று நினைக்காதீர்கள்; வாங்கி வைத்திருப்பதும் குற்றம்தான். 'வேர் என்று நினைத்தேன்' என்பதை வனத்துறை அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ளாது.