ஒரே டொக்டர், இரண்டு வேலை

(கிழக்கு லண்டனில் நடந்த எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் பேசியது. பேச்சுமொழியை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)



போன கூட்டத்தில ஒருத்தர் கேட்டார்: "ஆராய்ச்சிக்கு எண்டு எங்கட சனத்திட்ட இரத்தம் கேட்டால் குடுக்கலாமோ?" அறை பாதிக்குப் பாதி பிரிந்தது. ஒரு பக்கம், "நாங்கள் என்ன, அவங்கட எலியோ?" மற்றப் பக்கம், "டொக்டர் கேட்டால் குடுக்கிறதுதானே." நான் டொக்டர் இல்லை, பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். இரண்டு பக்கத்தோடும் எனக்குப் பிரச்சினை இருக்கு.

இந்த நாட்டில் ஒரு வகை விசேட வைத்தியர்கள் இருக்கினம். காலமை கிளினிக்கில் நோயாளியைப் பார்ப்பார்கள், பின்னேரம் அதே நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்வார்கள். 2006இல் என்.ஐ.எச்.ஆர் உருவான பிறகு இது ஒழுங்கான பயிற்சிப் பாதையாகவே ஆகிவிட்டது. தொடக்கப் படியில் வேலைநேரத்தில் கால்வாசி ஆராய்ச்சிக்கு; அடுத்த படியில் பாதி. நல்ல ஏற்பாடு என்றுதான் நான் சொல்வேன். 2020 ஜூனில், டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து வென்டிலேட்டரில் இருந்த கொவிட் நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று ஒக்ஸ்ஃபோர்டில் இருந்து அறிவித்தார்கள். நாடு முழுக்க என்.எச்.எஸ் வார்டுகளில் சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒன்றாக நடந்ததால்தான் சில மாதங்களில் அந்தப் பதில் கிடைத்தது. தனியார் கம்பனி ஒன்றுக்கு இந்தக் கேள்வியே வந்திராது. அதில என்ன லாபம்?

ஆனால் உங்களைச் சுகப்படுத்துகிற அதே ஆள் வந்து "இதிலயும் சேருங்கோவன்" என்று கேட்டால், இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இதை முதலில் சத்தமாகக் கேட்டவர்களில் ஒருவர் லண்டனிலேயே இருந்தார். மோரிஸ் பாப்வர்த். லிவர்பூலில் வளர்ந்த யூதர். அதனாலேயே ஆஸ்பத்திரிப் பதவிகள் மறுக்கப்பட்டவர். எம்.ஆர்.சி.பி பரீட்சைக்குப் படிக்கிற இளம் டொக்டர்மாருக்கு டியூஷன் கொடுத்துப் பிழைத்தார். அந்த மாணவர்கள்தான் வார்டில் கண்டதை அவரிடம் வந்து சொன்னார்கள்: நோயாளியின் சிகிச்சைக்குத் தேவையே இல்லாமல் இருதயத்துக்குள் குழாய் விடுவது, ஈரலில் ஊசி போடுவது, அதுவும் விளக்கம் சொல்லாமல். ஹமர்ஸ்மித் ஆஸ்பத்திரி பற்றி அவர் நிறையவே எழுதினார். அவர் வதந்தியை நம்பி எழுதவில்லை, பாருங்கோ. அந்த டொக்டர்மாரே மருத்துவ இதழ்களில் பெருமையாக வெளியிட்ட கட்டுரைகளை எடுத்து, பெயர் சொல்லி எழுதினார். 1967இல் புத்தகம் வந்தது. அதே ஆண்டு, இப்படியான ஆராய்ச்சிகளை முன்கூட்டியே பரிசீலிக்க ஆஸ்பத்திரிகளில் குழு வேண்டும் என்று ரோயல் கொலிஜ் ஒஃப் ஃபிசிஷன்ஸ் பரிந்துரைத்தது. பாப்வர்த்தை அந்தக் கொலிஜ் ஃபெலோவாக ஏற்றுக்கொண்டதோ 1993இல். அடுத்த ஆண்டு அவர் செத்துப்போனார்.

குழு வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா? 1969இல் கொவன்ட்ரியில் தெற்காசியப் பெண்கள் 21 பேருக்கு வீட்டுக்கே சப்பாத்தி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இரும்புச்சத்து எவ்வளவு உடம்பில் சேருகிறது என்று பார்க்க, மாவில் கதிரியக்க இரும்பு கலந்திருந்தது. இரத்தச்சோகை அந்தப் பெண்களிடம் உண்மையிலேயே இருந்த பிரச்சினை, கேள்வி பிழையில்லை. ஆனால் தங்களுக்கு என்ன நடந்தது என்று விளங்கவே இல்லை என்பது, 1995இல் சனல் 4 ஒளிபரப்பிய ஒரு விவரணப்படத்துக்குப் பிறகுதான் வெளியே வந்தது. அந்தப் பெண்களில் பலருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. இந்த அறையில் இருக்கிற பாதிப் பேர் பதினொரு வயசிலேயே அம்மம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்த ஆக்கள். பேரப்பிள்ளை கேட்டால் அம்மம்மா "ஓம்" என்பா. அந்த ஓம் டொக்டருக்குச் சொன்னதா, பிள்ளைக்குச் சொன்னதா?

அப்ப எலி என்று சொன்ன தோழர்கள் சொன்னது சரியா? அவர்களுக்குச் சென்னையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், இங்கிருந்து எம்.ஆர்.சி, நாலும் சேர்ந்து. லண்டனில் இருந்து போன வாலஸ் ஃபொக்ஸ் என்ற வைத்தியர் அதை நடத்தினார். அந்தக் காலத்தில் காசம் என்றால் சானடோரியம்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. எல்லாருக்கும் படுக்கைக்கு இந்தியா எங்கே போகும்? 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம். சாப்பாடும் ஓய்வும் குறைவாக இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சுகப்பட்டார்கள். வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றுவதும் கூடவில்லை. 1959இல் முடிவு வெளியாகி, உலகம் முழுக்கக் காச வைத்தியத்தை மாற்றியது. வேலையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு மலையடிவாரத்தில் போய்ப் படுக்க முடியாத சனத்தின் கேள்வி அது. பதில் திரும்பி அதே சனத்திடம் போனது. எனக்கு அளவுகோல் இதுதான்.

இப்ப லண்டனுக்கு வருவம். எண்பதுகளின் கடைசியில் சவுத்தோலில் தொடங்கிய ஆய்வு, தெற்காசியர்களுக்கு ஏன் சுகரும் இருதய நோயும் இவ்வளவு என்று கேட்டது. வயிற்றைச் சுற்றிய கொழுப்பையும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததையும் 1991இல் காட்டியது. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் பஞ்சாபிகள். 2015இல் இருந்து கிழக்கு லண்டனில் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜீன்ஸ் அன்ட் ஹெல்த் எச்சில் மாதிரி சேர்க்கிறது, வங்காளதேச, பாகிஸ்தானியப் பின்னணி உள்ளவர்களிடம். அதை நடத்துகிறவர்களும் கிளினிக்கில் நோயாளி பார்க்கிற டொக்டர்மார்தான். அந்தச் சமூகங்களுக்கு நல்லது. நாங்கள் எங்கே? ஜிபியில் படிவம் நிரப்பும்போது பாருங்கோ: இந்தியன், பாகிஸ்தானி, பங்களாதேஷி, சீனர், பிறகு "வேறு ஆசியர்". அந்த "வேறு" தான் ஈழத்தமிழர். அம்மாமாரின் சுகரை யாரும் தனியாக எண்ணவில்லை என்றால் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவும் முடியாது. ஆராய்ச்சியில் எங்களைத் தவறாகப் பயன்படுத்துவது ஒரு அநியாயம். கணக்கிலேயே எடுக்காமல் விடுவதும் அநியாயம்தான், ஆனால் அதுக்கு ஒருத்தரும் ஊர்வலம் போறதில்லை.

ஆகவே இரத்தம் கேட்டு வந்தால் என்ன செய்வது? நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான். இல்லை என்று சொன்னாலும் என் சிகிச்சை இப்படியே தொடருமா? எங்களிடம் எடுப்பதை எந்தக் கம்பனி பார்க்கலாம்? முடிவு வந்தால் தமிழில் எங்களுக்கு யார் வந்து சொல்வது? மூன்றாவது தானாக நடக்காது. அதை நாங்கள்தான் சேர்ந்து நின்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகளை ஒரு பக்கத் துண்டறிக்கையாக எழுதியிருக்கிறேன். "சமவாய்ப்பு முறையில் பிரித்தல்" என்று போட்டதை அம்மாவுக்கு வாசித்தேன், ஒன்றும் விளங்கவில்லை. "சீட்டு ஆருக்கு எண்டு பேரெழுதிக் குலுக்கிறமே, அது மாதிரி" என்றதும் பிடிபட்டது. "அப்ப எனக்கு எது விழுந்தது எண்டு டொக்டருக்குத் தெரியுமோ?" என்று உடனே கேட்டா. அதையும் சேர்த்துவிட்டேன். வாசல் மேசையில் ஐம்பது பிரதி இருக்கு. வீட்டில் கொண்டுபோய் வாசித்துக் காட்டி, எந்தச் சொல்லில் முகம் சுருங்குது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த மாதம் வாருங்கோ.