நினைவும் உழைப்பும்: சீக்கியர்தம் நாமநெறி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இறைவனை நினைப்பதற்கு உலகைத் துறந்தாக வேண்டுமா? இந்திய ஆன்மிக வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த வினா இது. ஏர் பிடிப்பவனுக்கும், தறியில் அமர்பவனுக்கும், அடுக்களையில் நிற்பவளுக்கும் இது வெறும் தத்துவ வினா அன்று. நினைப்பதற்கு ஓய்வு வேண்டும் என்றால், ஓய்வில்லாதவர்க்கு இறைவனும் இல்லை என்றாகிவிடும். இவ்வினாவிற்குச் சீக்கிய சமயம் கண்ட விடையே நாம நினைவு. பஞ்சாபியர் அதனை 'நாம் சிம்ரன்' என்பர்.

'சிம்ரன்' என்னும் சொல் 'ஸ்மரணம்' என்னும் வடசொல்லின் வழிவந்தது; நினைத்தல் என்பது அதன் பொருள். வாயால் ஓதுதலும் இந்நெறியில் உண்டு. ஆயினும் ஓதுதல் வாயில், நினைவே வீடு. ஓதியதை எண்ணிக் கணக்கிடலாம். நினைவைக் கணக்கிட இயலாது. தன் சேயை ஒரு நாளில் எத்தனை முறை நினைத்தோம் என்று எந்தத் தாயும் எண்ணிப் பார்ப்பதில்லை.

'நாமம்' என்பதும் ஈண்டு வெறும் பெயர்ச்சொல் அன்று. உருவமற்ற ஒரே பரம்பொருளின் எங்கும் நிறைந்த இருப்பையே அச்சொல் சுட்டுகிறது. 'வாகேகுரு' என்பது சீக்கியர் பெரிதும் ஓதும் திருப்பெயர். எனினும் இராமன், ஹரி, அல்லா என்னும் பெயர்களும் குரு கிரந்த் சாகிபில் பயின்று வருகின்றன. பெயர்கள் பலவாயினும் பெயர்க்குரியது ஒன்றே என்பது குருமார்களின் தெளிவு.

இந்நெறியைத் தோற்றுவித்த குரு நானக் 1469 முதல் 1539 வரை வாழ்ந்தவர். நெடும்பயணங்கள் பல மேற்கொண்ட அப்பெருமகனார், தம் இறுதிக் காலத்தைக் காட்டிலோ குகையிலோ கழிக்கவில்லை. இன்று பாகிஸ்தானில் உள்ள ராவி ஆற்றங்கரைக் கர்த்தார்ப்பூரில் குடும்பத்தோடு தங்கி, நிலத்தை உழுது பயிரிட்டார். விடியலில் இறைப்பாடல், பகலில் வயல்வேலை, மாலையில் மீண்டும் கூட்டுவழிபாடு, அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்ணும் பொதுப்பந்தி என அவ்வூர் வாழ்வு அமைந்தது. நாமத்தை நினைத்தல், நேர்மையாய் உழைத்தல், பகிர்ந்து உண்ணல் என்று சீக்கியர் போற்றும் முப்பெரும் கடமைகள் அங்கே ஒரே நாளின் மூன்று பொழுதுகளாக விளங்கின. இம்மூன்றில் ஒன்றைப் பிரித்தெடுத்தால் ஏனைய இரண்டும் நிறைவு பெறா.

இன்றும் சீக்கியர், 'அமிர்த வேளை' எனப் போற்றப்படும் வைகறைக்கு முந்திய பொழுதில் எழுந்து நீராடுகின்றனர். குரு நானக் அருளிய ஜப்ஜியை ஓதுகின்றனர். 38 பகுதிகளை உடையது அந்நூல். ஐந்தாம் குருவாகிய அர்ஜன் இயற்றிய சுக்மணி 24 எண்பதியங்களால் ஆயது. அதன் முதற் பகுதியே நினைவின் பெருமையைத்தான் விரித்துரைக்கிறது. தனித்திருந்து நினைப்பதோடு, 'சங்கத்' என்னும் அடியார் கூட்டத்தில் இராகத்தோடு பாடிக் கேட்டலும் நாம நினைவே ஆகும். 'நான்' என்னும் முனைப்பை 'ஹௌமை' என்று சீக்கிய நூல்கள் கூறும். அந்நோய்க்கு மருந்து நாமம். கூட்டத்தோடு கூடிப் பாடுகையில் தனிக்குரல் கரைவது போல, நினைவில் முனைப்புக் கரைகிறது.

உழைப்பின் நடுவே நினைவு எங்ஙனம் இயலும் என்னும் ஐயத்தைக் குரு கிரந்த் சாகிபே எழுப்பி விடை காண்கிறது. கபீரின் ஈரடிப் பாடல்கள் சில நாமதேவரையும் திரிலோசனரையும் உரையாட வைக்கின்றன. துணிக்கு அச்சிடும் தொழிலில் ஈடுபட்டிருந்த நாமதேவரை நோக்கி, இறைவனிடம் மனத்தைச் செலுத்தாமல் இத்தொழிலில் ஏன் மூழ்கினீர் என்று திரிலோசனர் வினவுகிறார். வாய் இறைவன் பெயரைச் சொல்லட்டும், கைகால்கள் தம் பணியைச் செய்யட்டும், மனம் அவனிடம் இருக்கட்டும் என்பது நாமதேவர் தரும் விடையின் கருத்து. நாமதேவரின் பாடல் ஒன்றும் அங்கே இடம்பெறுகிறது. தோழரோடு பேசிக்கொண்டே பட்டம் விடும் சிறுவனின் கருத்து நூலின்மேல் இருக்கிறது. வீட்டுவேலை செய்யும் தாயின் மனம் தொட்டிலில் இருக்கிறது. நாள்தோறும் காணும் இக்காட்சிகளே நாம நினைவுக்கு உவமைகளாகின்றன.

நினைவு உண்மையானதா என்பதற்கு உரைகல் யாது? குரு நானக்கின் மூத்த மகன் ஸ்ரீசந்த் பெருந்துறவி. ஆயினும் 1539இல் நானக் தமக்குப்பின் குருவாகத் தேர்ந்தது, இல்லறத்தாராகிய லெகணாவை. சேறு வடியும் புற்கட்டை மைந்தர் சுமக்க மறுத்தபோது, நல்லாடை உடுத்தியிருந்த லெகணா அதனைத் தலைமேல் ஏற்றார் என்று மரபுக் கதை கூறும். அவரே இரண்டாம் குருவாகிய அங்கத். துறவின் பெருமையைக் காட்டிலும் தொண்டின் பணிவு மேலானது என்று அத்தேர்வு அறிவித்தது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனந்தபூரில் போர் நிகழ்ந்தபோது, பாயி கன்னையா என்னும் அடியார் தோற்பையில் நீர் சுமந்து களத்தில் வீழ்ந்தோர்க்கெல்லாம் ஊட்டினாராம். பகைவர்க்கும் நீர் தருகிறார் என்று வீரர்கள் குரு கோவிந்த் சிங்கிடம் முறையிட்டனர். வீழ்ந்தோர் ஒவ்வொருவரிடத்தும் குருவின் முகத்தையே கண்டதாக அவர் விடையிறுத்தார். குரு அவரைக் கடிந்துகொள்ளவில்லை; காயங்களுக்கு இடுக என்று மருந்தையும் உடன் தந்தார் எனச் சீக்கிய மரபு போற்றுகிறது. எங்கும் நிறைந்தவன் பெயரை நாள்தோறும் ஓதிய ஒருவர்க்குப் போர்க்களத்திலும் அயலார் என்று எவரும் தோன்றவில்லை. நாமம் நாவிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து கைக்கும் இறங்கிய நிலை அது.

உலகை மறப்பதற்காக இறைவனை நினைப்பது ஒரு நெறி. உலகில் எவரையும் மறவாதிருப்பதற்காக இறைவனை நினைப்பது சீக்கியர் கண்ட நெறி. வைகறையில் ஓதிய பெயர், பகலில் நேர்மையான உழைப்பாகவும், பந்தியில் பக்கத்தில் அமர்ந்தவர்க்குப் பகிரும் உணவாகவும் மாறும்போதே நாம நினைவு முழுமை பெறுகிறது.