கழுவிய கைகள்

(ஆதரவாளர் கூடுகையில் நமது சாப்ளின் ஐயா அளித்த செய்தி)



ஒரு குற்றத்தை அறிக்கை செய்து தொடங்குகிறேன். மருத்துவமனை ஊழியத்துக்கு வந்த புதிதில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு பிள்ளைக்காக ஜெபித்துவிட்டு, அடுத்த கட்டிலிலிருந்த பிள்ளையின் தலைமேல் கை வைக்கப் போனேன். "ஐயா, கையைக் கழுவிட்டு வாங்க" என்று ஓர் இளம் சிஸ்டர் தடுத்தார். ஜெபிக்கிற கையில் என்ன அழுக்கு என்று உள்ளுக்குள் கோபப்பட்டேன்.

பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். நாம் இழுக்கும் காற்றை மூக்கு வடிகட்டி, சூடாக்கி, ஈரப்படுத்தி அனுப்புகிறது. வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளைக்கோ குழாய் நேரே மூச்சுக்குழலுக்குள் போகிறது. மூக்கின் காவல் அங்கே இல்லை. வெதுவெதுப்பான அந்த ஈரக் குழாயில் சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். குழாயில் தேங்கிய நீர் பிள்ளையின் பக்கம் வழிந்தால் நிமோனியா வரலாம். உயிர் காக்கும் கருவியே நோய்க்கு வாசலாகிவிடும்.

இது ஏழை நாடுகளின் குறை மட்டுமல்ல. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், 2012 ஜனவரியில் பச்சிளங்குழந்தைகள் பிரிவொன்றில் சூடோமோனாஸ் தொற்றால் மூன்று குழந்தைகள் மரித்தார்கள். கைகழுவும் தொட்டியின் தண்ணீர்க் குழாய்களிலேயே அந்தக் கிருமி இருந்தது!

ஆகவேதான் காற்றை ஈரமாக்கும் கருவியில் கிருமி நீக்கிய தண்ணீரையே ஊற்ற வேண்டும். தேங்கும் நீரைப் பிள்ளையின் பக்கம் போகவிடாமல் வடிக்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டும். திரும்பப் பயன்படுத்தும் பாகங்களைக் கழுவி, கிருமி நீக்கி, உலர்த்த வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் தொடுமுன்னும் தொட்டபின்னும் கைகளில் கிருமிநாசினி தேய்க்க வேண்டும். இவை இரவும் பகலும் ஓயாத வேலைகள்.

அன்பானவர்களே, வென்டிலேட்டர் வாங்கிக் கொடுத்தால் அதில் பெயர் பொறிக்கலாம். மாற்றுக் குழாய்க்கும், கிருமிநாசினிப் புட்டிக்கும், இரவில் கூடுதலாக நிற்கும் ஒரு சிஸ்டரின் சம்பளத்துக்கும் பெயர்ப்பலகை கிடையாது. வராமற்போன நோயை யார் எண்ணுவார்கள்? ஆனாலும் அந்தக் காணிக்கையால் ஒரு பிள்ளை தாயின் மடிக்குத் திரும்பும்.

அந்தச் சிஸ்டரிடம் பின்பு மன்னிப்புக் கேட்டேன். இன்றும் அந்த வாசலில் முதலில் கை கழுவுகிறேன்; பிறகே உள்ளே போய் ஜெபிக்கிறேன். இந்தச் சிறிய காரியங்களை உங்கள் ஜெபத்திலும் காணிக்கையிலும் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.